தம்பிக்குப் போன என் பெயர்

மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணி, அனல் காற்று. பிறந்து நான்கு நாளான தம்பிக்கு மூச்சுத் திணறி உடம்பு நீலம் பாரித்தது. அப்பா கார் பிடிக்க விருத்தாசலம் ஜங்ஷனுக்கு ஓடினார். எங்கள் சபையின் ஐயர், அதாவது போதகர், பெண்ணாடத்தில் இருந்தார். அவருக்கு அடுத்த உபதேசியார் மங்கலம்பேட்டைக்குத் துக்கத்துக்குப் போயிருந்தார். ஞானஸ்நானம் இல்லாமலே பிள்ளை போய்விடுமோ என்று அம்மா அழுதாள்.

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்கு வண்ணம் பூசும் அத்தை எழுந்தாள். "ஆபத்துன்னா யாரு வேணா குடுக்கலாம், ஐயரே சொல்லிக் குடுத்ததுதான். தண்ணியக் கொண்டாடா!" என்று என்னை அதட்டினாள்.

பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றி, பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி எல்லாம் சரியாக வந்தன. அப்பா யோசித்து வைத்திருந்த பெயர்தான் பதற்றத்தில் வரவில்லை. நாளெல்லாம் அவள் அதட்டிக் கூப்பிடும் பெயர் வந்தது: சாமுவேல். அது என் பெயர்.

ஆஸ்பத்திரியில் தம்பி பிழைத்துக்கொண்டான். ஏழு வயதில் நான் பெயரைப் பறிகொடுத்து நின்றேன்.

உபதேசியாரிடம் முறையிட்டேன். "ஜெபம் வேணா பண்றேன். இதெல்லாம் ஐயரு சமாசாரம்டா" என்றார். சபை மூப்பரோ, "நாங்க கோயிலு ஓடு மாத்துறவங்க, பேரு மாத்துறவங்க இல்ல" என்றார். ஐயர் வந்தபோது, அங்கி போட்டு முறைப்படி மறுபடி செய்து சரியான பெயரை வைப்பார் என்று நம்பினேன். அவர் அத்தையிடம், தண்ணீர்தானா, என்ன சொல்லி ஊற்றினீர்கள் என்று மட்டும் விசாரித்தார்.

"செல்லும்மா. ஒரு தரம் குடுத்தா குடுத்ததுதான். திரும்பக் குடுக்க எனக்கே அதிகாரம் கெடையாது."

மழைக்காலத்தில், ஐயர்களுக்கெல்லாம் மேலான பேராயர் வந்தார். ஆராதனை முடிந்ததும் கூட்டத்தில் புகுந்து அவர் அங்கியைப் பிடித்தேன்.

"ஐயா, எம் பேர வாங்கிக் குடுங்க!"

கதையைக் கேட்டவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒங்க அத்தை குடுத்தத நான் எப்பிடிடா புடுங்குறது?" பிறகு அத்தையைத் தேடிப் போய்க் கைகூப்பினார். அவள் கூச்சத்தில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஐயர், உபதேசியார், மூப்பர் மூவருக்கும் முகமெல்லாம் பல்.

இத்தனை பெரியவர்கள் சேர்ந்தும் அத்தை செய்த ஒன்றை மாற்ற முடியவில்லையே என்று அன்று அழுதேன். முடியாமல் போனதில் அவர்களுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்பது எனக்கு விளங்கவில்லை.

தம்பிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வங்கியில் இன்றும் எங்கள் இருவர் கணக்கையும் குழப்புகிறார்கள். நான்தான் போய்க் கால்கடுக்க நின்று திருத்துகிறேன். போகட்டும், குழப்புவதற்கு அவன் இருக்கிறானே. இந்த விவகாரத்தில் எனக்கு ஆன மொத்தச் செலவு, பெயருக்கு முன்னால் ‘பெரிய’ என்று ஒரு சொல்.