எர்னெஸ்டீன் வீட்டுத் தொட்டில்

எர்னெஸ்டீன் ஹாகெனவர் எங்கள் ஊருக்கு மருத்துவச்சியாக வந்தது 1931ஆம் ஆண்டு. ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஆல்சாஸில், திராட்சைத் தோட்டங்கள் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. கறுப்புச் சைக்கிள், தோல் பை, கூடவே தங்கை நோயெமி. யூத வீடு, கத்தோலிக்க வீடு, புராட்டஸ்டன்ட் வீடு என்று பார்க்காமல், வலி எடுத்ததென்று யார் வந்து கதவைத் தட்டினாலும் கிளம்பிவிடுவாள். பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். நகர மன்றப் பதிவேட்டோடு அதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே இடத்தில்தான் வேறுபாடு இருந்தது: மன்றத்தார் ஓர் இரட்டைப் பிரசவத்தில் ஒரு குழந்தையை விட்டுவிட்டிருந்தார்கள்.

யூதச் சபையின் பதிவேட்டை நான் எழுதிவந்தேன். எங்களில் ஒரு குழந்தை பிறந்தால், நான்காம் ஓய்வுநாளான சனிக்கிழமையில் தாய் முதன்முறையாக ஜெப ஆலயத்துக்குப் போய்வருவாள். அன்று பிற்பகல் தெருப் பிள்ளைகள் தொட்டிலைச் சுற்றி நின்று மூன்று முறை உயரத் தூக்குவார்கள். ஒவ்வொரு முறையும், “ஹோல்லெக்ரைஷ்! பாப்பாவுக்கு என்ன பேரு?” என்று கேட்டு, பெயரையும் அவர்களே கத்துவார்கள். ஹோல்லெக்ரைஷ் என்பதே இந்தச் சடங்கின் பெயர். பெண் குழந்தைக்கு விருத்தசேதன விருந்து கிடையாது. அவளுக்கென்று ஊர் கூடுவது இந்த ஒரு நாளில்தான். அதனால் எர்னெஸ்டீன் அதில் கறாராக இருந்தாள். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு காதிலும் பெயரைச் சொல்லிவைப்பாள். சத்தம் போதாவிட்டால், “என்னடா இது, கொசுவா கத்துது? வயித்துலேருந்து கத்துங்கடா!” என்று விரட்டுவாள்.

1940 ஜூலையில் ஜெர்மானியர்கள் யூதர்களான எங்கள் எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சகோதரிகள் இருவரும் தெற்கே பெரிகோவுக்குப் போனார்கள். 1944இல் நோயெமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பவில்லை. 1945 அக்டோபரில் எர்னெஸ்டீன் தனியாகத்தான் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் தங்கையின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

1950இல் மாட்டு வியாபாரி அர்மான் க்ளோட்ஸை மணந்தாள். அவருக்கு ஐம்பது வயது, மனைவியை இழந்தவர். 1953 ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபதுக்கு அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். எர்னெஸ்டீனுக்கு அப்போது நாற்பத்து நான்கு.

மறுநாள் பிறப்பைப் பதிவு செய்யப் போனேன்.

“பேரு நோயெமி” என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க எழுத்தரே. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பேரை ஊரே கத்தணும். முணுமுணுக்கக் கூடாது. நாலு பேர் அழுதுக்கிட்டே சொல்லவும் கூடாது. கத்தணும்.”

“சபையில இப்ப எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?” என்று அர்மான் கேட்டார்.

“மூணு” என்றேன்.

“மூணு பேர் கத்தினா எங்க வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பாக்காது!”

“உங்களை யாரு மூணோட நிக்கச் சொன்னா?” என்றாள் எர்னெஸ்டீன். “நான் பிறக்க வெச்ச பிள்ளைங்க அறுநூத்துப் பதினொண்ணு. என் பொண்ணுக்காக ஒருநாள் கத்த மாட்டாங்களா?”

செய்தி சபைத் தலைவர் சில்வேன் பிக்காருக்கு எட்டியது. பேன் பார்ப்பதைப் போல விதி பார்க்கிற மனிதர். என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தொட்டிலைத் தூக்கறது நம்ம பிள்ளைங்க செய்யற காரியம். பாதிரியார்கிட்டப் பாடம் படிக்கிற பிள்ளைங்க வந்து தூக்கினா அது என்ன சடங்கு? எழுத்தரே, நீங்களே சொல்லுங்க, அப்படி எங்கயாவது எழுதியிருக்கா?”

வாயால் பதில் சொல்வது என் வழக்கமில்லை. பழைய பதிவேடுகள் பதினொன்றையும் இறக்கி, இரண்டு நாள் தேடினேன். 1868ஆம் ஆண்டுப் புத்தகத்தில், தோல் வியாபாரி ஒருவரின் மகளுக்குப் பெயரிட்ட நாளின் குறிப்பு இருந்தது: தூக்கியவர்கள் கீழைத் தெருப் பிள்ளைகள் பதினான்கு பேர். பெயர்களும் இருந்தன. நான்காவதும் ஐந்தாவதும் கொல்லனின் மகன்கள், கத்தோலிக்கர்கள். கீழே அன்றைய யூத குருவான ரபியின் கையெழுத்து.

பிக்கார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை படித்தார்.

“ரெண்டு பேருதானே?”

“ரெண்டுக்கு வழி உண்டுன்னா எத்தனைக்கும் உண்டுதானே?” என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க அர்மான் பண்ணை பண்ணையாகப் போய் மாட்டோடு தொட்டிலையும் பேசிவிட்டு வந்தார்.

மே 9, சனிக்கிழமை. மூன்று மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஓய்வுநாளில் நான் பேனாவைத் தொடுவதில்லை. முற்றத்து வாசலில் நின்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். எண்பத்து மூன்று. பதிமூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரு பக்கம், ஏழு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் மறுபக்கம். எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒருவரும் இல்லை. அவர்கள் பிறந்தபோது எர்னெஸ்டீன் ஊரில் இல்லை.

வீட்டுக்குள் இடம் போதாமல் தொட்டிலை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாய்க்குரிய நாற்காலியில் எர்னெஸ்டீன் நீல உடையில் அமர்ந்திருந்தாள். பிக்கார் வந்து சுவரோரமாக நின்றார். அர்மான் கையைக் காட்டினார். பெரிய பிள்ளைகள் பத்துப் பேர் தொட்டிலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

“ஹோல்லெக்ரைஷ்! பாப்பாவுக்கு என்ன பேரு?”

கூரைப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பிறகு சத்தமே இல்லை.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் பெயரைச் சொல்லிவைப்பது மருத்துவச்சியின் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை இவளே செய்ததால், அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களில் யாருக்கும் நினைவில்லை. அவளோ இன்று நாற்காலியில் இருந்தாள்.

“என்ன பேருன்னு யாராவது சொல்லுங்களேன், கை வலிக்குது!” என்றான் தொட்டிலைப் பிடித்திருந்த ஒருவன். சின்னவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அர்மான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் சொல்லலாமென்று நான் குனிந்தேன்.

அதற்குள் எர்னெஸ்டீன் எழுந்துவிட்டாள். தாய் அன்று பேசுவது வழக்கமில்லை. நாற்காலிக் கைப்பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள்.

“நோயெமி!”

அவள் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“நோயெமி!” என்றது முற்றம்.

“கேக்கல! இன்னொரு தடவை!” கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை தூக்கினார்கள், மூன்றாம் முறையும் தூக்கினார்கள். மூன்றாம் கூச்சலில் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து, “எங்க தீ?” என்று கேட்டார். குழந்தை கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டுவிட்டு, மறுபடியும் தூங்கிவிட்டாள்.

அர்மான் பாதாம் மிட்டாய்த் தட்டோடு வந்தார். யாரும் அதைப் பார்க்கவில்லை.

“இன்னொரு தடவை தூக்கலாமா அம்மா?” என்று கேட்டாள் முன்வரிசையில் நின்ற பெண்.

எர்னெஸ்டீன் சுவரோரம் திரும்பி, “தலைவரே, என்ன சொல்றீங்க?” என்றாள்.

“மூணுதான் வழக்கம்” என்றார் பிக்கார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். பிறகு முன்னால் வந்து, இரண்டு பையன்களுக்கு நடுவே புகுந்து, தொட்டிலின் விளிம்பைப் பிடித்தார். “தள்ளி நில்லுடா, என் காலை மிதிக்கிற. ம், தூக்குங்க!”

வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்து ஓய்வுநாள் முடிந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். நோயெமி க்ளோட்ஸ், அர்மானுக்கும் எர்னெஸ்டீனுக்கும் பிறந்த மகள். வந்திருந்த பிள்ளைகள் எண்பத்து மூன்று. தொட்டில் தூக்கியது நான்கு முறை. பின்னாளில் அதைப் படித்த இரண்டு பேர் அந்த எண்ணைப் பிழை என்று நினைத்துத் திருத்தச் சொன்னார்கள். அது பிழையில்லை.