மாமியாருக்கு மணிச்செருப்பு

பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். முழுச் செருப்பு அல்ல, அதன் மேல்முகம் மட்டும். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கடுகிலும் சிறிய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துத் தைப்பாள். பூ வரும், மீன் வரும், சேவல் வரும். காலில் போட்டு மிதிக்கிற சாமானுக்கு இத்தனை சிங்காரமா என்று வந்த புதிதில் எனக்கு ஒரே ஆச்சரியம். நம் ஊரில் செருப்பைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டல்லவா வேதப்புத்தகத்தை எடுப்போம்!

அவள் பெயர் கிம் நியோ. சீன வம்சம், பேச்சு மலாய். இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களை இங்கே நோனியா என்பார்கள். என் வயதுதான் இருக்கும். எங்கள் பேச்செல்லாம் என் அரைகுறை மலாயும் கைச்சாடையுமாக நடக்கும். இது யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். "மெர்துவா" என்றாள். மாமியாருக்காம்! ஐயோ பாவம், இவளுக்கும் மாமியாரோடு சண்டை போலிருக்கிறது, செருப்பால் பதில் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, "பொறுமையாயிரு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று தேற்றினேன். அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகுதான் விஷயம் விளங்கியது. இவர்களில் கல்யாணப்பெண் தன் கையாலேயே மணிச்செருப்பு தைத்து மாப்பிள்ளையின் தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் கிம் நியோ மாமியாரின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி தைத்துக்கொண்டிருந்தாள்.

அது என் மனதைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் கடலுக்கு அக்கரையில் ஒரு மாமியார் உண்டு. என் வீட்டுக்காரர், இவருக்குத் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்து நாங்கள் புறப்பட்ட அன்று, மாமி வாசலுக்கே வரவில்லை. தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரே மகனை நான்தான் கப்பலேற்றிவிட்டேன் என்று அவளுக்கு வருத்தம். அதற்கப்புறம் நாலு வருஷமாக என் நாத்தனார் எஸ்தர்தான் கடிதம் எழுதுவாள். கடைசி வரியில் "அம்மை சுகம்" என்றிருக்கும். அம்மை, அதாவது மாமி, சொன்னதாக ஒரு வார்த்தை இராது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஜெபிக்காத நாளில்லை.

கைவேலை எனக்குப் புதிதல்ல. களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊர் மிஷன் வளவில் பதினோரு வருஷம் லேஸ் பின்னியிருக்கிறேன். உருண்டைத் திண்டின்மேல் குத்துப்புள்ளி வைத்த காகிதத்தைப் பரத்தி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். சங்கீதம் பாடிக்கொண்டே முப்பது பெண்பிள்ளைகள் குச்சி தட்டினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பின்னியதெல்லாம் சீமைக்குக் கப்பலேறிவிடும். யார் கழுத்தில் கிடந்ததோ, யார் மேசையில் விரித்தார்களோ, ஒன்றும் தெரியாது. என் கல்யாணச் சட்டையில் விரற்கடை லேஸ்கூட இல்லை. என் கையால் ஒன்றைச் செய்து, இன்னாருக்கு என்று முகம் நினைத்துக் கொடுத்ததே இல்லை என்பது கிம் நியோவின் ஜன்னலோரத்தில்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே சட்டம் ஒன்று வாங்கிவிட்டேன்!

வீட்டில் சொன்னதும் இவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? எங்க அம்மைக்கு செருப்பா? நாலு வருசமா பேசாதவ இனி சாவுற வரைக்கும் பேசமாட்டா."

"இவங்கள்ல அதுதான் மரியாதையாம்."

"இவங்கள்ல! எங்க அம்மை நோனியாவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க அம்மைக்க அம்மைய மேல்சாதிக்காரங்க செருப்பு போட்டுத் தெருவுல நடக்க விடமாட்டாங்க, தெரியுமா? குடையும் பிடிக்கப்பிடாது. அந்தக் காலம் போயும் அம்மைக்கு மட்டும் கால் கூசும். நான் வாங்கிக் குடுத்த தோல்செருப்பு இப்பவும் பரண்லதான் கெடக்கு" என்றார். சோற்றை முடித்துக் கை கழுவப் போகும்போது, "செய்யி. நல்லாச் செய்யி" என்றார்.

கால் அளவு வேண்டுமே! எஸ்தருக்கு எழுதினோம். அவள் கெட்டிக்காரி. மாமி கிணற்றடியிலிருந்து ஈரக்காலோடு வரும் வழியில் காகிதத்தைப் போட்டு வைத்து, பதிந்த தடத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பிவிட்டாள். அந்தக் காகிதத்தைப் பிரித்தபோது இவர் அந்தத் தடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

சேவல் படம் எடுத்துக்கொண்டேன். பச்சை வால், சிவப்புக் கொண்டை, வயல்நிறத்தில் தரை. முதல் மேல்முகம் முடிந்ததும் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கினேன். அப்போது கிம் நியோ மலாக்காவில் தமையன் வீட்டுக்குப் போயிருந்தாள். தோவாளைக்கார அண்ணாச்சி ஒருவர் இரண்டு வாரத்தில் ஊருக்குக் கப்பலேறுகிறார், கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். நேரம் இருக்கிறது என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். கிம் நியோ வந்த அன்று இரண்டையும் பெருமையாக அருகருகே விரித்துக் காட்டினேன்.

"அலாமாக்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். ஒன்றைத் தொட்டு "இனி கிரி" என்றாள், இது இடது. மற்றதைத் தொட்டு, "இத்து பூன் கிரி!" அதுவும் இடது! சேவல் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. ஜோடி என்றால் ஒன்றையொன்று பார்க்க வேண்டாமா? லேஸில் ஒரே காகிதத்தை நகர்த்தி நகர்த்தி, முதல் முழம் எப்படியோ அப்படியே நூறாவது முழமும் பின்னிப் பழகிய கை. திருப்பிப் போட அதற்குத் தெரியவில்லை. கிம் நியோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் கண்ணில் நீர்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை.

அடிப்பாகம் வைத்துத் தைக்கச் செருப்புக்காரருக்கு மூன்று நாள் வேண்டும். புதிதாக வலது ஒன்று தைக்க எனக்கு மிஞ்சியது ஒன்பது நாள், அதில் ஒன்று ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை ஊசி எடுக்கமாட்டேன் என்றதும், "அப்படியானால் நான் தைக்கிறேன்" என்று கிம் நியோ சட்டத்தைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அவளுக்குக் கோபம். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் மணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கிண்ணங்களில் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். வேலை விட்டு வந்ததும் இவர் சோறு வடித்தார். ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைசி மணியைத் தைத்து முடிச்சுப் போட்டதும், ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சேவல்கள் ஒன்றையொன்று பார்த்தன!

அண்ணாச்சி போய் இரண்டு மாதம் கழித்து எஸ்தரின் கடிதம் வந்தது. அம்மை பொதியைப் பிரிக்கும்போதே, நான் இரண்டு இடது தைத்த கதையையும் அண்ணாச்சி சொன்னாராம். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். ஞாயிற்றுக்கிழமை அதைக் காலில் மாட்டிக்கொண்டு, குறுக்குவழி இருக்க, சந்தைத்தெரு வழியாகவே மெள்ள மெள்ள கோயிலுக்கு நடந்தாளாம். வாசலில் கழற்றியவள் வெளியே விட மனசில்லாமல், தோளில் கிடந்த கவணித் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டே பிரசங்கம் கேட்டாளாம். கடைசி வரியில் "அம்மை சுகம்" இல்லை. அதற்குப் பதிலாக இது இருந்தது: "அம்மை சொல்லச் சொன்னது: மூணாவது ஒண்ணு அங்க கெடக்காமே. எனக்குக் காலு ரெண்டுதான். ஆனாலும் அந்தக் கழுதை அதையும் கொண்டு வரட்டும். ஆள் கையில குடுத்து விடாண்டாம், அவளே வரணும்."

இப்போது என் மடியில் மறுபடியும் திண்டும் குச்சியும். கிம் நியோவின் மேல்சட்டை ஓரத்துக்கு லேஸ் பின்னுகிறேன், சீமைக்குப் போகாத என் முதல் லேஸ். குச்சி தட்டுகிற சத்தம் கேட்டு அவள் ஜன்னலில் வந்து நிற்கிறாள். தனித்துப்போன சேவலை ஒரு சுவர் பார்த்து மாட்டியிருக்கிறேன். அங்கே மாட்டினால் அது மேற்கே, ஊர்ப்பக்கத்துக் கடலைப் பார்க்கும். ஒற்றை ஆணிதான் அடித்திருக்கிறேன், கழற்றிக் கொண்டுபோக வசதியாக. நாலைந்து மாதமாயிற்று, இன்னும் கப்பலேறவில்லை, ஆணி கொஞ்சம் துருப்பிடித்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.