திருச்சியில் நின்ற பிளேனின் சத்தம்

மனைவியை நெஞ்சு ஒப்பரேசனுக்குத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, பிளேனில் ஏறப் பயந்து வீட்டில் இருந்த வீரன் நான்தான். அவளுடைய தம்பி கூட்டிக்கொண்டு போனான். பலாலி ஏர்போட்டிலிருந்து திருச்சி இருநூறு கிலோமீற்றர்கூட இல்லை, ஏறி இறங்க ஒரு மணித்தியாலம், பருத்தித்துறைப் பஸ் யாழ்ப்பாணம் வந்துசேருகிற நேரம்தான் என்று எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். பஸ் இடையில் நின்றால் இறங்கி நடக்கலாம், இது நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

பிளேனுக்குப் பயமே தவிர பேய் பிசாசுக்கு நான் பயந்ததில்லை. அதையெல்லாம் நம்புகிறவர்களைப் பகிடி பண்ணுவதுதான் என் பொழுதுபோக்கு. ஆனால் என் காதை நம்புவேன். சண்டைக் காலத்தில் சத்தத்தை வைத்தே என்ன பிளேன், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் பங்கருக்குள் விழுந்தவன். இப்போதும் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு மேலால் திருச்சிப் பிளேன் தாழப் பதிந்து போனால் பார்க்காமலே சொல்லுவேன்.

அவள் திரும்பி வருகிற நாள், பின்னேரம், அந்தச் சத்தம் கேட்டது. கூரைக்கு மேலால், நல்ல தெளிவாக, பலாலிப் பக்கம் போனது. நெஞ்சில் தையல் போட்டவளை எதில் ஏற்றி வருவது என்ற யோசனைகூட இல்லாமல் மோட்டார்சைக்கிளில் ஏர்போட்டுக்கு ஓடினேன்.

"பிளேன் வந்திட்டுதோ தம்பி?" என்று வாசல் காவலாளியிடம் கேட்டேன்.

"எங்கை ஐயா? அது இன்னும் திருச்சியிலை நிக்குது. அங்கை மழையாம்."

"நான் காதாலை கேட்டனான்!"

"அப்ப காதை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

வேறு நாளென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. பிளேன் வரவில்லையென்றால் வந்தது யார்? அவள் போய்விட்டாள், வீட்டைக் கடைசியாக ஒருதரம் பார்க்க வந்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன், நம்பினால் நம்புங்கள், பேயை நம்பாத நான். போன் அடித்தேன், எடுக்கவில்லை, திரும்பவும் அடித்தேன், எடுக்கவில்லை, விடாமல் அடிக்க ஒருவழியாக எடுத்தாள்.

"யோகம், இருக்கிறியே?"

"இருக்காமல்? கதிரையிலை கண்ணயர்ந்து போனன். இப்பதான் ஏறக் கூப்பிடுறாங்கள். அது கிடக்கட்டும், சேட்டை உள்பக்கம் வெளியாலை போட்டிருக்கிறியள். திருப்பிப் போடுங்கோ, சனம் சிரிக்கும்."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். தையலெல்லாம் வெளியே. என்னுடையது பட்டன் போன், முகம் காட்டுகிற போன் இல்லை.

பிறகு அதே சத்தம், இந்த முறை பிளேனோடு வந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு யோகம் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். நான் விக்கி விக்கி அழுதேன்.

"அத்தான், ஒப்பரேசன் அக்காவுக்கோ உங்களுக்கோ?" என்றான் தம்பி.

யோகத்துக்குப் பகிடி விடத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த வேலை முழுக்க என்னுடையது. அதனால்தான் வான் பிடித்து வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"அதுசரி, சேட்டு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"வந்து பாத்திட்டுத்தானே போனனான்."