ஓடை வற்றிய மதியம்

அனார்கான் பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வகத்தில் பதினேழு வருஷமாகக் குப்பி கழுவி, கருவி துடைத்துக் கொடுப்பவள். மாறிவரும் பருவநிலையைச் சமாளிக்கும் வழிகளை ஆராய இளைஞர்களைப் பழக்கவென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுத் திட்டம் வந்தபோது, பட்டியலில் போதுமான பெண்கள் இல்லை. அவள் மரியாதையாக 'அகாய்' என்றழைக்கும் பேராசிரியர் ஜோல்தோஷ் அவள் பெயரையும் சேர்த்துவிட்டார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். வந்து நின்னா போதும்."

ஜூலையில் பனியாற்று ஏரிக்குக் கீழே, ஓடையோரப் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். ஏரித் தண்ணீர் பனிக்கட்டிக்கு அடியில் குடைந்த வழியாக வடிந்துதான் ஓடையாக வரும். நாலாம் நாள் மதியம் தண்ணீர் மொள்ளப் போன அனார்கான் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் முழங்காலுக்கு இருந்த நீர் இப்போது கணுக்காலுக்குக்கூட இல்லை. இந்த வெயிலுக்குப் பனி உருகி நீர் ஏறத்தானே வேண்டும்? அப்படியானால் மேலே வழி அடைத்துக்கொண்டுவிட்டது, ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. எந்த நேரமும் உடைத்துக்கொண்டு வரும். ஓடினாள்.

ஜோல்தோஷ், வெளிநாட்டுப் பேராசிரியை ரெனாட்டேயோடு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அகாய், ஓடை வத்திடுச்சு. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்தணும்."

"விருந்தாளிங்க முன்னாடி மானத்த வாங்காத. குப்பி கழுவுறவ எப்ப விஞ்ஞானி ஆன?"

வேலை போய்விடும் என்று தெரிந்தது. புல்லில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்த பத்தொன்பது பிள்ளைகளைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக் கொப்பரையில் ஓங்கி அடித்தாள்.

"எந்திரிங்க! எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஏறுங்க!"

தஜிக் மாணவன் ஃபைசுல்லோ விஷயத்தை ரெனாட்டேவுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவள் ஓடையைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. கீழே மேய்ச்சல்காரர்களுக்குத் தகவல் போகும்படி தொலைபேசியில் பேசிக்கொண்டே ஏறினாள். ஜோல்தோஷும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார்.

மேட்டில் இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆலங்கட்டி மழை கொட்டியது.

"எஜெ, வெள்ளம் வருதோ இல்லையோ, அடுப்புல கறி கருகிடும்," என்று அக்கா முறையில் அனார்கானைக் கேலி செய்தான் ஃபைசுல்லோ. யாரும் சிரிக்கவில்லை.

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை கிடையாது," என்றார் ஜோல்தோஷ், பையை எடுக்கக் கீழே கிளம்பியபடி. அனார்கான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்ச நேரம் பொறுங்க, அகாய். அப்புறம் என்னைத் தொரத்திக்குங்க."

வெள்ளம் வந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்ததற்கே உடம்பு கூசியது. கீழே எத்தனை வீடுகள்!

தரை அதிர்ந்தது. சேறும் பாறையுமாகப் பள்ளத்தாக்கே எழுந்து நடந்து வந்தது. கூடாரங்கள் இருந்த இடம் இல்லாமல் போயிற்று. ஜோல்தோஷ் நனைந்த புல்லில் உட்கார்ந்து அழுதார்.

கீழே ஆள் சேதம் இல்லை. இரண்டு குதிரைகளை வெள்ளம் கொண்டுபோனது. வேலையை விட்டு நீக்கும் பேச்சை ஜோல்தோஷ் மறுபடி எடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் ரெனாட்டேயிடமிருந்து கடிதம் வந்தது: அடுத்த குழுவுக்கு அனார்கான்தான் களப்பயிற்சி கொடுக்க வேண்டும். கூடாரம் மேட்டில்தான் என்றால் வருகிறேன் என்று பதில் எழுதினாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மீதிக் குப்பிகளைக் கழுவப் போனாள்.