ஸ்கேன் படித்த ஹுமைரா

"இன்னும் ரெண்டு கிளாஸ் குடிங்கக்கா. மூத்திரம் முட்டுனாத்தான் படம் தெரியும். பாத்ரூம் பக்கம் தலைவெச்சிகூட படுக்காதீங்க!"

கும்மிடிப்பூண்டி ஸ்கேன் சென்டரில் ஹுமைரா காலை ஒன்பது மணிக்கே தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடுவாள். டாக்டர் வரும் சென்னை ரயிலோ ஒருநாளும் நேரத்துக்கு வராது. அடிவயிறு கனத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் டாக்டரை விட்டுவிட்டு இவளைத் திட்டுவார்கள். ஒருத்தி தாங்காமல் போய்விட்டு வந்தால், மறுபடி முதல் கிளாஸிலிருந்து ஆரம்பம். "ஒரே பேஜாருக்கா உங்களோட!" என்று ஹுமைரா சலித்துக்கொள்வாள்.

சொந்த ஊரான பழவேற்காட்டில் அவளுக்குப் பெயர் 'ஸ்கேன் டாக்டர்'. பொன்னேரியில் ஜவுளிக்கடை மாடியில் ஓராண்டு ஸ்கேன் கோர்ஸ் படித்தாள். அங்கே மெஷின் கிடையாது, சுவரில் அதன் படம் இருந்தது. வேலைக்கு வந்த பிறகுதான், வயிற்றில் கருவியை வைப்பது டாக்டர் மட்டுமே என்று தெரிந்தது. இவள் ஜெல் தடவலாம், துடைக்கலாம், படிவம் நிரப்பலாம். இதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. பாவம், அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் பெருமைதான் பேசுகிறார்.

மனைவிக்கு ஸ்கேன் எடுக்க வந்த நெல்வயல்காரர் மணவாளன், அன்று அதே மாடியின் நோட்டீஸை நீட்டினார். பக்கத்தில் மகள் நர்மதா.

"இவளையும் உன்னிய மாதிரி ஆக்கணும்மா. பிளஸ் டூல பயாலஜி. நாளைக்கு சேத்துடப் போறோம். நல்ல எடம்னு ஒரு வார்த்த சொல்லு."

எதிர் பெஞ்சில் பழவேற்காட்டு மெஹர்னிசா மாமி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமி காதில் விழுந்தால் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். ஹுமைரா பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"இன்னா நைனா நீ! பயாலஜி படிச்ச பொண்ண அந்த மாடிக்கா இட்டுக்கினு போவ? அங்க படிச்சிட்டு நான் இன்னா பண்றேன்? தண்ணி ஊத்திக்கினு கீறேன். அந்த மெஷின தொடைக்க மட்டுந்தான் தொட்டிருக்கேன்!"

மாமியின் டம்ளர் வாயருகே நின்றுவிட்டது.

ஹுமைரா இழுப்பறையைத் திறந்தாள். அடியில் அரசு மருத்துவக் கல்லூரியின் இரண்டு வருட ரேடியாலஜி டிப்ளமோ விண்ணப்பம். ஆசையாக வாங்கி வந்த பிறகுதான், அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும் என்ற வரியைப் படித்தாள். இவள் படித்தது காமர்ஸ்.

"எக்ஸ்ரே, சி.டி. எல்லாம் உங்கையால எடுக்கலாம். அப்ளை பண்ண இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

நர்மதா கை நீட்டினாள். "இரு," என்றாள் ஹுமைரா. பெயர்க் கட்டத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த தன் பெயரை ரப்பரால் அழுத்தி அழித்தாள். தூளை ஊதிவிட்டுக் கொடுத்தாள்.