கறுப்புத் துணிக்குக் காவல்

என் சில்லு செத்துவிட்டது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

செல்லோடேப்பில் ஒட்டி, உரித்து, மறுபடி உரித்து, சில அணுக்களின் பருமன் மட்டுமே மிஞ்சும்படி எடுத்த குறைக்கடத்தித் துணுக்கு அது. இரண்டு பக்கமும் தங்க முனை. வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் ஏற வேண்டும், இருட்டில் இறங்க வேண்டும். ஒளி உணரும் கருவிக்கு அவ்வளவுதான் வேலை. என்னுடையது இருட்டிலும் இறங்காமல் அடம்பிடித்தது.

“எண்ணூர்லேர்ந்து வர்றீங்க, துணியோட சாம்பலும் வந்திருக்கும்” என்றார் ஒரு சீனியர். சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனல்மின் நிலையச் சாம்பலை நாங்களா கேட்டு வாங்கினோம்? இவர்கள் வீட்டு ஏசிக்குப் போகும் கரண்டின் சாம்பல்தான் எங்கள் கொடிக்கயிற்றில் விழுகிறது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “சாயங்காலத்துக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா இந்தத் தலைப்பை இவருக்குக் கொடுத்துடலாம்” என்று அதே சீனியரைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் அளக்கும் விதத்தை யோசித்தேன். சில்லின் தங்க முனைகளில் மின்னோட்டம் அளக்கும் ஊசியை இறக்க மைக்ராஸ்கோப் விளக்கை முழுசாக ஏற்றுவோம். இறக்கியதும் அணைத்துவிட்டு உடனே இருட்டு அளவு எடுப்போம். எல்லோருக்கும் அவசரம். இவ்வளவு மெல்லிய பொருள், குடித்த வெளிச்சத்தை அவ்வளவு சீக்கிரம் விடுமா? மணிக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஊசியை இறக்கினேன். விளக்கை அணைத்து, சில்லு இருந்த பெட்டியைக் கறுப்புத் துணியால் போர்த்தி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடக்கூடப் போகவில்லை. மதியம் சீனியர் வந்து துணியில் கை வைத்தார்.

“கையை எடுங்க.”

“சார்கிட்ட சொல்லுவேன்.”

“தாராளமா சொல்லுங்க. துணியைத் தொடாம சொல்லுங்க.”

அதற்குள் திரையில் மின்னோட்டக் கோடு சரிய ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் அடிமட்டத்துக்கே வந்துவிட்டது. பேராசிரியரும் சீனியரும் வந்ததும் பெட்டிக்குள்ளிருந்த சிவப்பு எல்.ஈ.டி.யைப் போட்டேன். கோடு விருட்டென்று ஏறியது. எனக்கு அழுகை முட்டியது, அவர்கள் முன்னால் அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “பிரமாதம். இனிமே ரெண்டு பேருமா சேர்ந்து பண்ணுங்க” என்றார், சீனியரையும் என்னையும் பார்த்து.

அந்த இடத்தில் பேசுவதற்கென்று நான் பழகி வைத்திருந்த தமிழ் அப்போது வாயில் வரவில்லை.

“இன்னாத்துக்கு சார் ரெண்டு பேரு? நான் ஒர்த்தி கீறேன்ல, போதும்.”