எதிர்வீட்டு அக்காவின் கண்

என் தம்பி தவழ்ந்ததே குறைவு. எட்டாம் மாதத்திலேயே வண்டி ஏறிவிட்டான். வளைகுடாவில் வேலை பார்த்த மாமா லீவில் வந்தபோது அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்த வாக்கர் அது. நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் மஞ்சள் வளையம், அடியில் சக்கரங்கள், முன்னால் பொத்தானை அமுக்கினால் பாடுகிற ஒரு தட்டு. உட்காரவைத்துக் கால் தரையில் பட்டதும் ஒரு உந்து உந்தினான் பாருங்கள், நேராகப் போய் மாமாவின் முழங்காலில் முட்டினான்.

"எம் மருமவன் லைசென்ஸு இல்லாமலே ஓட்டுறான்" என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

விருத்தாசலத்தில் பீங்கான் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் தெரு. அப்பா ஒரு ஷெட்டில் களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகிறவர். அம்மா வீட்டில் இருந்தபடியே, சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகளுக்குப் பிளேடால் பிசிறு எடுத்து ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுப்பாள். கை கொஞ்சம் அழுந்தினால் பொம்மைக்கு மூக்கு போய்விடும். அதனால் வேலையில் உட்கார்ந்தால் தலை நிமிரமாட்டாள்.

மழைக்காலத்தில் ஷெட்டில் காயவைக்க இடம் போதாமல் அப்பா பிளாஸ்டர் அச்சுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். காலை வெயில் நேராக எங்கள் வாசலில்தான் விழும். தெருத் தண்ணீர் ஏறாமலிருக்க எங்கள் வீட்டுப் படிகள் நல்ல உயரம். அம்மா அச்சுகளை நிலைப்படிக்கு உட்புறமாக, சுவர் எடுத்தமாதிரி வரிசையாக அடுக்கிவிட்டாள். அச்சும் காயும், தம்பியின் வண்டியும் அதைத் தாண்டாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தம்பி கடகடவென்று வாசலுக்கு ஓடுவான், அச்சில் டொக்கென்று இடிப்பான், சிரித்துக்கொண்டே திரும்புவான். அந்த டொக்கைக் கேட்டாலே அம்மாவுக்குப் போதும். கண் பொம்மையில், காது பிள்ளையில்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் தம்பி வயதில் ஒரு பெண் குழந்தை. அவர்கள் வீட்டில் வாக்கர் கிடையாது. அந்தக் குழந்தை தரையெல்லாம் தவழ்ந்து, கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அந்த அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று, "எம்பொண்ணு இன்னும் தரைய தொடச்சிகிட்டு கெடக்குது. இவன பாருக்கா, பஸ்ஸு வுடுறான்!" என்று சிரிப்பாள்.

கார்த்திகை தீபம் நெருங்கிய ஒரு காலையில், வாசலில் காய்ந்த அகல் விளக்கு அச்சுகள் அத்தனையும் உடனே வேண்டும் என்று அப்பா டிரைசைக்கிளோடு வந்து நின்றார். அம்மா ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டு அக்காவும் வந்து ஒரு கை பிடித்தாள். வண்டி போனதும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடகட சத்தம் வாசல் பக்கம் போனது. டொக் கேட்கவில்லை. அம்மா தலை நிமிர்ந்தாள்.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் ஓடிவந்து, படிகளுக்குக் கீழே குப்புறக் கிடந்த வண்டிக்கு அடியிலிருந்து தம்பியை எடுத்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வரியை எழுதக் கை வரவில்லை.

இப்போதெல்லாம் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மாவே சொல்லிவிடுகிறார்: "வாக்கர் வேணாங்க, சும்மா தரையில வுடுங்க, தானா நடக்கும்." நடக்கத் தெரியாத காலுக்குச் சக்கரம் ஓட்டத்தைக் கொடுத்துவிடுகிறது, நிற்கத் தெரிவதில்லை. அன்று எங்களுக்கு அதைச் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும், துபாய்ச் சாமான் கெடுதல் செய்யும் என்று நம்பியிருப்போமா, தெரியவில்லை.

துக்க வீட்டில், அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை அழுது ஓய்ந்து நிமிர்ந்தாள். "ஏம்மா, தெனமும் வாசல்ல அச்சு அடைச்சி வெச்சிருப்பியே. அன்னிக்கி அத எடுத்தது யாரு?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டத்திலிருந்து எதிர்வீட்டு அக்கா எழுந்தாள்.

"எங் கண்ணுதாங்க பட்டுடுச்சி. அன்னிக்கிக் காலையில கூட பஸ்ஸு வுடுறான்னு வாய் வுட்டேன். பச்ச மண்ணு, தாங்கல."

அத்தை அவள் மேல் பாய்ந்தாள். "பாவி! ஒன் வயித்தெரிச்சலுக்கு எங்க வூட்டுப் புள்ளதான் கெடச்சுதா?"

அந்த அக்கா இடுப்பில் இருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அச்சை எடுத்தது யார் என்று அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

தெரு அவளைச் சும்மா விடவில்லை. அவள் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. நானும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மா மட்டும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது.

பொங்கல் கழிந்து, அவர்கள் கம்மாபுரம் பக்கம் குடிபோனார்கள். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா யாருக்கும் தெரியாமல் அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தன்னைவிட இளையவளான அவள் காலில் அம்மா தடாலென்று விழுந்தாள். விழுந்தவள் எழவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"எழுந்திருக்கா. இருக்குற புள்ளய பாரு" என்று அவள் அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பியைக் கண் வைத்துக் கொன்றவள் அவள். அவள் காலில் போய் என் அம்மா ஏன் விழ வேண்டும்? அன்று முழுவதும் நான் அம்மாவோடு பேசவில்லை.